மயிலுக்குப் போர்வை, மாட்டுக்கு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கொடை என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. பள்ளிப் பருவத்திலேயே கடையெழு வள்ளல்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். மழைக்காலத்து மலைச்சாரலில் மயிலைக் கண்ட பேகன், அது குளிரால் வாடுகிறது என்று இரங்கித் தன் விலையுயர்ந்த போர்வையை எடுத்து அதற்கு அளித்தான் என்பது வரலாறு. பயன் கருதாமல், ஏற்பவரின் தகுதி பாராமல் வழங்கும் இந்தக் கொடைக்குக் ‘கொடைமடம்’ என்று பெயரிட்டு நம் முன்னோர் போற்றினர். மடமை என்று பிறர் சொல்லக்கூடிய ஒன்றையும் புகழாக மாற்றிய நாகரிகம் நம்முடையது.

பேகனின் உள்ளம் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. மயிலுக்குப் போர்வை எதற்கு? அதன் இறகே அதற்குப் போர்வை. கார்காலம் அதற்கு இனப்பெருக்கக் காலம். அகவலும் ஆடலும் குளிரின் அடையாளங்கள் அல்ல. துணையை அழைக்கும் அடையாளங்கள். போர்வையைச் சுமந்துகொண்டு அந்த மயில் எப்படித் தோகை விரித்திருக்கும்? கொடுத்தவனின் புகழ் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. பெற்ற மயிலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கேள்வியை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. புகழ்பெற்றவர்கள் மேடையேறி, செல்வர்கள் சீட்டு வாங்கி, பண்ணை விலங்குகளின் நலனுக்காக நிதி திரட்டும் விழாக்கள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. அவற்றைப் பற்றி நாம் என்ன கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆடும் மாடும் வளர்க்கும் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். நம் வீட்டுத் தொழுவத்தைப் பற்றி உலகம் பேசும்போது நாம் வாளாவிருக்கலாமா?

விழாவின் பெருமை

அமெரிக்காவில் ‘ஃபார்ம் சாங்சுவரி’ என்றோர் அமைப்பு 1986-இல் தொடங்கப்பட்டது. சந்தைகளிலும் பண்ணைகளிலும் துன்புறும் மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றை மீட்டு அடைக்கலம் அளிப்பது அதன் பணி. கால்நடைச் சந்தை ஒன்றில் செத்த விலங்குகளின் குவியலுக்கு நடுவே ஓர் ஆடு உயிரோடு கிடந்தது. அதற்கு ‘ஹில்டா’ என்று பெயர் வைத்துக் காப்பாற்றியதிலிருந்துதான் அந்த அமைப்பின் கதை தொடங்குகிறது. இன்று நியூயார்க் நகரத்தில் அது நடத்தும் விருந்து விழாக்களுக்குத் திரையுலகினரும் தொலைக்காட்சிப் பிரபலங்களும் வருகிறார்கள். தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்ற ஜான் ஸ்டூவர்ட்டும் அவர் துணைவியாரும் தங்கள் பண்ணையையே இத்தகைய விலங்குகளுக்கு அடைக்கலமாக்கப் போவதாக 2015-இல் அறிவித்தனர்.

இதைக் கேட்டவுடன் ‘பணக்காரர்களின் பொழுதுபோக்கு’ என்று உதட்டைப் பிதுக்குவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். கலைஞனின் குரலுக்கு மக்கள் பையைத் திறக்கிறார்கள் என்பது நாம் கண்ட உண்மை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் தம் இசையால் எத்தனையோ அறச்செயல்களுக்குப் பொருள் சேர்த்துத் தந்தார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டபோது அந்தத் தொண்டும் போற்றப்பட்டது. புயல் நிதிக்கும் போர் நிதிக்கும் நம் திரைக் கலைஞர்கள் மேடையேறியிருக்கிறார்கள். சாதாரண மனிதன் நூறு முறை கேட்டாலும் வராத பணம், புகழ்பெற்றவர் ஒருமுறை கேட்டால் வருகிறது. வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல ஏழை விலங்குக்கும் உரிமையில்லை. அதை வளர்ப்பவருக்கும் உரிமையில்லை.

ஆனால் வந்த பணம் எங்கே போகிறது? உலகப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1971 ஆகஸ்ட் 1 அன்று, சிதார் மேதை ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக இசை நிகழ்ச்சி நடத்தினார். ஒரே நாளில் இரண்டு காட்சிகள். நுழைவுச் சீட்டில் வந்த தொகை, சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர், ஐ.நா. குழந்தைகள் நிதியத்துக்குச் சென்றது. ஆனால் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த பெருந்தொகை, அறக்கட்டளைக்குரிய ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்யாத காரணத்தால் வரித் தகராறில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. பாடியவர்களின் மனம் தூய்மையானது. கேட்டவர்களின் மனமும் தூய்மையானது. கணக்கு மட்டும் சரியாக எழுதப்படவில்லை. பசித்த குழந்தைக்குத் தூய மனத்தைக் கரைத்துக் கொடுக்க முடியாதன்றோ?

ஆகவே விழாவை நான் எதிர்க்கவில்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் என்ன நடக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

உப்பளத்து ஓரத்தில்

என் ஊர் வாலிநோக்கம். மன்னார் வளைகுடாக் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பளமும் சூழ்ந்த ஊர். 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் - வாலிநோக்கம் உப்பளத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘தண்ணியில்லாக் காடு’ என்று பிற மாவட்டத்தார் எங்கள் இராமநாதபுரத்தைக் கேலி பேசுவார்கள். அந்தக் காட்டிலும் உயிர்கள் வாழத்தான் செய்கின்றன. சீமைக்கருவேலங்காயைத் தின்று, மனிதன் குடிக்கத் தயங்கும் நீரையும் குடித்துப் பிழைப்பவை எங்கள் வெள்ளாடுகள்.

எங்கள் மாவட்டத்துக்கென்றே பெயர் பெற்ற செம்மறி இனங்கள் உண்டு. ‘ராமநாதபுரம் வெள்ளை’ என்றும் ‘கீழக்கரிசல்’ என்றும் அவற்றை நம் கால்நடை அறிவியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. அவற்றை மேய்க்கும் கீதாரிகள், அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைத் தரணி வரை நடந்தே போகிறார்கள். அங்குள்ள வயல்களில் இரவில் கிடை போடுகிறார்கள். ஆட்டின் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரம். கிடைக்கூலி கீதாரிக்கு உணவு. தாளடி மந்தைக்கு மேய்ச்சல். காவிரிச் சோறு உண்பவர்கள், அந்தச் சோற்றில் இராமநாதபுரத்து ஆட்டுக்கும் பங்குண்டு என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

எங்கள் வீட்டில் மந்தை இல்லை. ஐந்தாறு வெள்ளாடுகள் மட்டுமே. என் தாயார் விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விடுவார். திரும்பி வந்தபின் ஆடுகளைப் பார்ப்பார். வங்கிக் கணக்கில் பணம் சேர்ப்பது எங்கள் தெருவில் பலருக்குப் பழக்கமில்லை, ஆட்டில்தான் சேர்ப்பார்கள். அக்காளின் பேறுகாலத்துக்கு ஓர் ஆடு. வீட்டுக் கூரைக்கு ஓர் ஆடு. நான் முதலாண்டு சேர்ந்தபோது விடுதிக்கும் புத்தகத்துக்கும் ஒரு கிடாய். என் பட்டத்தின் ஒரு மூலையில் அந்தக் கிடாயின் குளம்படியும் பதிந்திருக்கும் என்று நான் சொன்னால் அது கவிதைக்காகச் சொல்வதன்று; கணக்குக்காகச் சொல்வது.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெள்ளாடுகள் 14 கோடியே 88 லட்சம். செம்மறிகள் 7 கோடியே 42 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் வெள்ளாடுகள் ஏறக்குறைய ஒரு கோடி. செம்மறிகள் சுமார் 45 லட்சம். அடைக்கலப் பண்ணையில் ஆயிரம் விலங்குகளை வைத்துக் காப்பாற்றலாம். ஒரு கோடி ஆடுகளை எந்தப் பண்ணையில் வைப்பது? அவற்றின் நலம், அவற்றை வளர்க்கும் ஏழைப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. அவள் கை வெறுங்கையாக இருந்தால் ஆட்டின் வயிறும் வெறும் வயிறுதான்.

ஆட்டுக்கு வேண்டியது என்ன?

1987-ஆம் ஆண்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூர் என்ற ஊரில் ஆடுகள் திடீரென்று மடியத் தொடங்கின. காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் நீர், வாயில் புண், பிறகு கழிச்சல், கடைசியில் மூச்சுத் திணறல். இந்தியாவில் ‘ஆட்டுக்கொல்லி நோய்’ முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அங்கேதான். அதே ஊரின் பெயரால் ‘அரசூர் 87’ என்று வழங்கும் நுண்ணுயிர் வகையைக் கொண்டு, நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி கண்டார்கள். ஒரு ஊசி போட்டால் சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. நோய் வந்த ஊரின் பெயரையே நோயை வெல்லும் மருந்துக்கும் சூட்டிய விஞ்ஞானிகளுக்கு எந்த நட்சத்திர விழாவில் மாலை போட்டார்கள்? தெரிந்தவர் சொல்லுங்கள்!

இதைவிடப் பெரிய வெற்றி ஒன்றும் உண்டு. ‘வெக்கை நோய்’ என்று நம் பாட்டன்மார் அஞ்சிய மாட்டுக் கொள்ளைநோய், பல நூற்றாண்டுகளாக ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் கோடிக்கணக்கான மாடுகளைக் கொன்றது. மாடு செத்தால் ஏர் நிற்கும். ஏர் நின்றால் பஞ்சம் வரும். 1920-களில் இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்து ஆய்வகத்தில் ஆடுகளின் துணைகொண்டு இந்நோய்க்குத் தடுப்பு மருந்து உருவாக்கினார்கள். பின்னர் மேலும் சிறந்த மருந்துகள் வந்தன. ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாக ஊசி போட்டார்கள். 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் தலைகாட்டவில்லை. 2011-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. விலங்கு நலத்துக்காக மனித குலம் செய்த செயல்களுள் இதற்கு ஈடானது எது? இதைச் செய்தவர்கள், குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்ற பெயர் தெரியாத பணியாளர்கள்.

ஆட்டுக்கொல்லி நோயையும் 2030-க்குள் உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று அனைத்துலக அமைப்புகள் குறிக்கோள் வகுத்திருக்கின்றன. மருந்து இருக்கிறது. பின் எங்கே இடறுகிறது? எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் கண்ட ஒரு சிறு செய்தி இதற்கு விடை தரும். தடுப்பூசி முகாம் காலை பத்து மணிக்கு என்று அறிவிப்பார்கள். பத்து மணிக்கு ஆடு எங்கே இருக்கும்? கருவேலங்காட்டில். ஆட்டுக்காரி எங்கே இருப்பாள்? உப்பளத்தில். முகாமில் மேசை இருக்கும், மருந்து இருக்கும், பதிவேடு இருக்கும். ஆடு மட்டும் இராது. விடியற்காலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ முகாம் வைத்தால் ஊரே ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரும். இதற்கு ஒரு கோடி ரூபாய் வேண்டாம். ஒரு கடிகாரம் போதும்! ஆனால் அந்தக் கடிகாரத்தை ஆட்டுக்காரியைக் கேட்டல்லவா திருப்பி வைக்க வேண்டும்?

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஆடுகள் இறந்தன. எங்கள் வீட்டில் இரண்டு. உதவி வந்தபோது புதைத்து முடித்திருந்தோம். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. பணியாளர் ஒருவர், ஊர்கள் பல என்பதை நானறிவேன். ஓர் உயிர் வாய் திறந்து வலியைச் சொல்ல முடியாமல் சாகும்போது, அதன் பக்கத்தில் அமர்ந்திருப்பவளுக்கு விலங்கு நலம் என்பது சொற்பொழிவுக்குரிய பொருளாகத் தோன்றாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

மேடையை விட்டு இறங்கிய நடனமணி

புகழ் பெற்றவர்களால் என்னதான் செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், பரதக் கலைக்குப் புதுவாழ்வு தந்தவர். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர். அன்றைய இந்தியாவில் அவரைவிடப் புகழ்பெற்ற கலையரசியர் சிலரே. விலங்குகளுக்காக அவர் ஒரு நடன விழா நடத்தி, காசோலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும், விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கத் தனியார் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி தந்தபின் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் அச்சட்டம் பிறந்தது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. சென்னையிலேயே நெடுங்காலம் இயங்கிய அவ்வாரியத்தை 1986-இல் தாம் மறையும்வரை அவர் நடத்தினார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்தப் பிரதமர் மொரார்ஜி தேசாய் விரும்பியபோது மறுத்துவிட்டார்.

புகழைச் சட்டமாக மாற்றியவர் அவர். சட்டம் விழாவைப் போல் ஓரிரவில் முடிந்துவிடாது. ஆனால் சட்டமும் கவனிப்பாரற்றுப் போனால் துருப்பிடிக்கும். 1960-இல் எழுதப்பட்ட அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவில், விலங்கை வதைத்தவனுக்கு முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று உள்ளது. 1960-இல் 50 ரூபாய் ஒரு குடும்பத்தின் மாதச் செலவாக இருந்திருக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தத் தொகை மாறவில்லை. இன்று 50 ரூபாய்க்கு இரண்டு தேநீரும் நான்கு வடையும்தான் வரும்!

இங்கேதான் நட்சத்திரங்களின் ஒளி எனக்குத் தேவைப்படுகிறது. ஆடு மாடுகளை லாரியில் ஏற்றிச் செல்ல 1978-இல் விதிகள் வகுத்தார்கள். தரையில் வைக்கோல் பரப்ப வேண்டும். நெடும்பயணத்துக்கு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும் லாரியின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விதிகளின் கதி தெரியும். முட்டைக் கோழிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாம் தேர்வு எழுதும் ஏ4 தாளின் அளவு இடம்கூட இல்லாத கம்பிக்கூண்டில் ஒரு கோழி தன் வாழ்நாளைக் கழிக்கிறது. 2017-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் இந்நிலையை ஆராய்ந்து மாற்றம் வேண்டும் என்றது. வீட்டு ஆட்டுக்கு அதை வளர்ப்பவளாவது அழுகிறாள். கூண்டுக் கோழிக்கும் லாரி மாட்டுக்கும் அழ யார் இருக்கிறார்கள்? உரிமையோடு அன்பு காட்ட ஆளில்லாத இடத்தில், ஊரறிந்த முகம் ஒன்று நின்று பேசினால் அது பெரும் பேறு. வளர்ப்பவள் இருக்கும் இடத்திலோ அவளுக்குத் துணை நின்றால் போதும்.

இரண்டு மறுப்புகள்

‘ஆட்டை வளர்த்துக் கசாப்புக்கு விற்பவர்கள் ஆட்டின் நலம் பேசலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது, விடையும் நேர்மையாக இருக்க வேண்டும். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வள்ளலார் உயிர்க்கொலையைக் கண்டு உருகினார். அந்த உயர்ந்த நெறியில் நிற்பவர்களை நான் வணங்குகிறேன். எங்கள் கடற்கரையில் அந்நெறி வழக்கில் இல்லை. எங்கள் வீட்டு ஆடும் ஒருநாள் சந்தைக்குப் போகும். ஆனால் அதன் பிறப்புக்கும் முடிவுக்கும் இடையில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கையில் தாகம் உண்டு, நோவு உண்டு, அச்சம் உண்டு. முடிவை மாற்ற இயலாதவர்கள் இடைப்பட்ட நாள்களை நல்லவையாக்க முயல்வது வேடம் ஆகாது. மனிதருக்கும் முடிவு ஒன்றுதான். அதற்காக மருத்துவமனைகளை மூடிவிடுகிறோமா?

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. ‘விலங்கு நலம் என்பதே நகரத்தார் நம்மீது ஏவும் ஆயுதம்’ என்பது அது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017 சனவரியில் மெரினாவில் மாணவர்கள் திரண்டதும், மாநில அரசு சட்டத் திருத்தம் செய்ததும், 2023 மே மாதத்தில் அத்திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. அந்த வழக்கின் நியாயங்களுக்குள் நான் இப்போது புகவில்லை. அதில் நான் கண்ட துயரம் வேறு. காளையை வளர்ப்பவனும் காளைக்காக வழக்காடுபவனும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒருமுறைகூட ‘உன் மாடு நலமா?’ என்று கேட்டுக்கொள்ளவில்லை. தொழுவத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு மதில் எழுந்துவிட்டது. பிரபலங்கள் ஒரு பக்கமும் பிரபலங்கள் மறுபக்கமும் நின்று பேசினார்கள். மாட்டுக்குத் தவிடு வைக்கும் பெண்ணின் குரல் எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை. மாட்டை நேசிக்கும் இருவர் பகைவராவது மாட்டுக்கு நல்லதா?

ஆவுரிஞ்சிக் கல்

பேகனைப் போற்றிய அதே தமிழ்நாடு வேறொரு கொடையையும் அறிந்திருந்தது. முப்பத்திரண்டு அறங்கள் என்று நம் முன்னோர் வகுத்த பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பசுவுக்கு வாயுறை கொடுப்பது ஓர் அறம். ஆவுரிஞ்சு தறி நடுவது ஓர் அறம். மாடு மேய்ந்து திரும்பும் வழியில், குளத்தங்கரையில், ஓர் ஆள் உயரக் கல்லை நட்டு வைப்பார்கள். உடல் அரிக்கும்போது மாடு அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்! பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. இன்றும் தென்மாவட்டங்களில் பழைய கண்மாய்க் கரைகளில் இத்தகைய கற்களைக் காணலாம்.

எண்ணிப் பாருங்கள். மாட்டுக்குக் கை இல்லை. முதுகு அரித்தால் சொறிந்துகொள்ள முடியாது. இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஒருவன் மாட்டோடு நின்றிருக்க வேண்டும்! மயில் நடுங்குவதாகத் தானே எண்ணிக்கொண்டவனின் அருள் வேறு. மாட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அறிந்தவனின் அருள் வேறு. முன்னவன் பெயர் பாட்டில் நின்றது. பின்னவன் பெயரை யாரும் அறியார். ஆனால் கல்லின் விளிம்பு மழுங்கியிருக்கிறதே, அது எத்தனை மாடுகள் எழுதிய நன்றியுரை!

இன்றைய நட்சத்திர விழாக்கள் ஆவுரிஞ்சிக் கல் நடுவனவாக மாற வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, விழாவுக்கு முன்பே கணக்கு. எந்த ஊருக்கு, எந்தப் பணிக்கு, எவ்வளவு என்பதை அறிவித்துவிட்டுச் சீட்டு விற்க வேண்டும். விழாச் செலவு எவ்வளவு, விலங்குக்குப் போனது எவ்வளவு என்பதை ஆண்டு முடிவில் அச்சிட்டு வெளியிட வேண்டும்.

இரண்டாவது, மேடையில் ஒரு நாற்காலி. நடிகருக்கும் தொழிலதிபருக்கும் நடுவே ஒரு கீதாரிக்கோ ஆடு வளர்க்கும் பெண்ணுக்கோ இடம் தர வேண்டும். பொன்னாடை போர்த்துவதற்காக அன்று. ‘உங்கள் ஆட்டுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பதற்காக.

மூன்றாவது, நிதி செல்லும் இடம். தண்ணீர்த் தொட்டி, சந்தையில் நிழற்கூரை, தடுப்பூசி கெடாமல் காக்கும் குளிர்பெட்டி, ஊருக்கு ஓர் இளம்பெண்ணுக்கு முதலுதவிப் பயிற்சி. இவை படம் எடுக்க அழகாயிரா. ஆனால் ஆடு பிழைக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

பிறருக்கு அறிவுரை சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்பது முறையாகாது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கப்பட்டது முதல் நம் போன்ற கல்லூரிகளின் மாணவர்கள் ஊர்களுக்குச் சென்று முகாமிட்டு வருகிறார்கள். சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம், கோயில் குளத்தைத் தூர்வாருகிறோம். அடுத்த முகாமில் ஒரு நாளைக் கால்நடைக்கென ஒதுக்கினால் என்ன? விலங்கியல் துறையில் நாம் தவளையையும் கரப்பானையும் பற்றி ஏடு நிறைய எழுதுகிறோம். நம் வீட்டு ஆட்டின் நோய்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஊரில் படித்துக் காட்டக் கூடாதா? கால்நடை மருத்துவருக்கு உதவியாக, விடியற்காலை ஐந்து மணிக்கே வீடு வீடாகச் சென்று ஆடுகளைப் பிடித்து நிறுத்த நம்மைவிடத் தகுந்தவர்கள் யார்? நம்மில் பலருக்கு அது கைவந்த கலையாயிற்றே!

கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் தொலைபேசி எண் 1962. நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: விலங்குகள் நல வாரியம் அமைந்த ஆண்டும் 1962. எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு இந்த எண் தெரியாது. ஒரு சுண்ணாம்புக் கட்டியும் நான்கு மாணவர்களும் இருந்தால் ஒரே மாலையில் ஊர்ச் சுவர்களில் எழுதிவிடலாம்.

நம் கல்லூரிக் கலைவிழாவும் ஒரு சிறு நட்சத்திர இரவுதான். நம் பாடகர்களும் நடிகர்களும் நமக்கு நட்சத்திரங்களே. அவ்விழாவுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் நுழைவுச் சீட்டு வைப்போம். சேரும் தொகையில் கல்லூரிக்கு அருகிலுள்ள ஆட்டுச் சந்தையில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவோம். பேராசிரியப் பெருமக்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதை மட்டும் நாமாக முடிவு செய்ய வேண்டாம். வெள்ளாட்டுக்கு எட்டும் உயரம் வேறு. குட்டிக்கு எட்டும் உயரம் வேறு. மாட்டுக்கு எட்டும் உயரம் வேறு. சந்தைக்கு வரும் கிழவியைக் கேட்போம். அவர் கையைத் தாழ்த்திக் காட்டும் இடத்தில் முதல் செங்கல்லை வைப்போம்.